அம்பாசிடர் எஞ்சினின் டைமிங் குறி: கண்டுபிடிப்பதும் சோதிப்பதும், முழுமையான வழிகாட்டி

செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை ஏற்றம் தொடங்கும் இடத்தில்தான் என் அம்பாசிடரின் குறை முதன்முதலில் காதில் விழுந்தது. பாளையங்கோட்டையிலிருந்து தென்காசி வரை சமதளத்தில் ஒழுங்காக வந்த வண்டி, ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தவுடன், தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கியதுபோலச் சடசடக்கத் தொடங்கியது. ஊர் திரும்பியதும் பட்டறையில் காட்டினேன். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "குறி கரெக்டா நிக்கு அண்ணாச்சி, பெட்ரோலுதான் இப்பம் சரியில்ல" என்றார். அவர் சொன்னதில் முதல் பாதி உண்மைதான். எஞ்சினின் முன்முனையில் பெல்ட்டைச் சுற்றும் கிராங்க் புல்லியில் டைமிங் குறியாக வெட்டப்பட்ட காடி, இருக்க வேண்டிய முள்ளுக்கு நேராகவே நின்றது. ஆனால் அந்தப் புல்லி அந்த எஞ்சினுடன் பிறந்தது அல்ல. காடி காட்டிய இடத்துக்கும் பிஸ்டன் உண்மையில் நின்ற இடத்துக்கும் 8 டிகிரி வேறுபாடு இருந்ததைப் பின்னர் நானே அளந்து கண்டுபிடித்தேன்.

ஆகவே இந்த வழிகாட்டி, குறிக்கு நேராக டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, வைப்பதைப் பற்றி மட்டும் பேசாது. அந்தக் குறி சொல்வது மெய்தானா என்பதை முதலில் சோதித்து, அதன் பிறகே அதைக் கொண்டு டைமிங் வைக்கும் வரிசையில் இது எழுதப்பட்டுள்ளது. கைமாறிக் கைமாறி, மூன்று நான்கு எஞ்சின்களின் உதிரிகள் ஒன்றாகக் கலந்து ஓடும் பழைய வண்டிகளுக்கு இந்த வரிசைதான் பொருந்தும்.

எந்த எஞ்சினுக்கு இது

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை உருவான அம்பாசிடரில் பல எஞ்சின்கள் வந்தன. இங்கே நான் பேசுவது 1489 சிசி பெட்ரோல் எஞ்சினைப் பற்றி. அதாவது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) பி சீரிஸ் என்று அழைக்கப்படும், ஹெட்டில் வால்வுகள் அமைந்த எஞ்சின். டீசல் அம்பாசிடரில் தீப்பொறி பிளக்கும் இல்லை, பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்டும் இல்லை என்பதால் இந்தக் கட்டுரைக்கு அங்கே வேலை இல்லை. பிற்காலத்து இசுசு 1.8 லிட்டர் எஞ்சினின் அமைப்பும் வேறு. பிரீமியர் பத்மினி கார் வைத்திருப்பவர்கள் முறையை அப்படியே பின்பற்றலாம், ஆனால் குறி இருக்கும் இடத்தையும் டிகிரியையும் தங்கள் வண்டியின் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

டைமிங் என்பதன் பொருளை ஒரு வரியில் நினைவுபடுத்திக்கொள்வோம். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சில டிகிரிகள் முன்பே பிளக்கில் தீப்பொறி விழ வேண்டும், ஏனெனில் சிலிண்டரில் உள்ள கலவை முழுவதும் எரிந்து அழுத்தம் ஏறுவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். பொறி மிக முன்னதாக விழுந்தால் எஞ்சின் சடசடக்கும், பிஸ்டன் அடிவாங்கும். மிகப் பிந்தி விழுந்தால் இழுவை குறையும், சூடு ஏறும், பெட்ரோல் வீணாகும்.

குறியைத் தேடுவது

வேலையைக் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது தொடங்குங்கள். சித்திரை வெயிலில் நண்பகலுக்கு மேல் பானெட்டுக்குள் கைவிடுவது வீரம் அல்ல. வேட்டி, துண்டு, தொங்கும் எதுவும் உடம்பில் வேண்டாம். ஃபேனும் பெல்ட்டும் முகத்துக்கு முன்னால் சுற்றப்போகும் வேலை இது. இக்னிஷன் சாவி அணைந்திருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்திருக்க வேண்டும்.

பி சீரிஸ் எஞ்சினில் குறி இரண்டு பகுதிகளாக இருக்கிறது. ஒன்று, கிராங்க் புல்லியின் பின்புற விளிம்பில் வெட்டப்பட்ட சிறு காடி. மற்றொன்று, டைமிங் செயின் மூடியின் அடிப்பக்கத்தில் பற்களைப்போல நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று முட்கள். அவற்றில் நீளமானது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்தை, அதாவது டிடிசியைக் குறிக்கும். மற்ற இரண்டும் முறையே உச்சிக்கு 5 டிகிரி முன்பும் 10 டிகிரி முன்பும். இவை எல்லாம் எஞ்சினின் அடிவயிற்றில் இருப்பதால் மேலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியாது. வண்டியைக் குழியின் மேலோ சாய்வுப் பலகையின் மேலோ ஏற்றித்தான் பார்க்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம்.

இத்தனை ஆண்டுகளாக ஒழுகிய ஆயிலும், தேரிக்காட்டுச் செம்மண்ணும் சேர்ந்து அங்கே ஒரு கெட்டியான பூச்சாக இறுகியிருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷால் முட்களைத் தேய்த்துத் துடையுங்கள். பிறகு எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றியபடி புல்லியின் விளிம்பு முழுவதையும் துணியால் துடைத்துக்கொண்டே வாருங்கள். காடி விரல் நகத்தில் தட்டுப்படும். சில புல்லிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வெட்டுகள் இருக்கும், முன்பு யாரோ உளியால் போட்ட கொத்துகளும் இருக்கலாம். எல்லாவற்றையும் இப்போதைக்குக் குறித்துக்கொண்டால் போதும், எது மெய் என்பதை அடுத்த சோதனை சொல்லும். முட்கள் வளைந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். அவை மெல்லிய தகடுதான்; எஞ்சினை இறக்கும்போது தரையில் உரசினாலே சாய்ந்துவிடும்.

எஞ்சினைக் கையால் சுற்ற அம்பாசிடரில் ஸ்டார்ட்டிங் ஹேண்டில் இருக்கிறது என்பது பெரிய வசதி. நான்கு பிளக்குகளையும் முதலில் கழற்றிவிட்டால் ஒரு கையாலேயே சுற்றலாம். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்களின் பக்கமே வைத்துப் பிடியுங்கள். முன்னாலிருந்து பார்க்கும்போது கடிகார முள் சுற்றும் திசைதான் எஞ்சினின் சரியான திசை. அந்தத் திசையில் சுற்றும்போது காடி முதலில் 10 டிகிரி முள்ளையும், அடுத்து 5 டிகிரி முள்ளையும், கடைசியாக நீள முள்ளையும் கடக்க வேண்டும். இந்த வரிசை மாறி வந்தால், மூடியோ புல்லியோ வேறு எஞ்சினுடையது என்று அப்போதே சந்தேகப்படலாம்.

முதல் சிலிண்டர், சரியான உச்சி

ரேடியேட்டருக்கு அருகில் இருப்பதே முதல் சிலிண்டர். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு சுழற்சிக்குள் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது. ஒன்று கலவையை அமுக்கிக்கொண்டு வருவது, மற்றொன்று புகையை வெளியே தள்ளிக்கொண்டு வருவது. நமக்கு வேண்டியது முதலாவது. முதல் பிளக் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு வேறொருவரைச் சுற்றச் சொன்னால், அமுக்கும் ஸ்ட்ரோக்கில் காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். வால்வ் மூடியைக் கழற்றிப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு அடையாளம் உண்டு: முதல் சிலிண்டர் அமுக்கிக்கொண்டு உச்சிக்கு வரும் அதே நேரத்தில், நான்காவது சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் ஊஞ்சல்போல, ஒன்று மூடிக்கொண்டும் மற்றது திறந்துகொண்டும் இருக்கும்.

அப்போது, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால், உள்ளே சுற்றும் ரோட்டர் முதல் பிளக் ஒயரின் முனையைப் பார்த்து நிற்க வேண்டும். எதிர்ப்புறம் பார்த்து நின்றால், டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டும் கியரை ஒரு காலத்தில் யாரோ அரைச் சுற்றுத் திருப்பி மாட்டிவிட்டு, அதற்கேற்ப ஒயர்களை இடம் மாற்றிச் சமாளித்திருக்கிறார்கள் என்று பொருள். எஞ்சின் அதனால் கெடாது. ஆனால் கையேட்டுப் படத்தை வைத்துக்கொண்டு ஒயர் மாட்ட முயன்றால் ஒரு நாள் முழுவதும் வீணாகும். இந்த எஞ்சினில் வெடிக்கும் வரிசை 1-3-4-2. மேலிருந்து பார்க்கும்போது ரோட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும்.

குறி சொல்வது மெய்யா

இந்தப் பகுதியைத்தான் பெரும்பாலான பட்டறைகளில் தாண்டிவிடுகிறார்கள். பிளக் துளைக்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டு, அது மேலே ஏறி நிற்கும் இடத்தை உச்சி என்று வைத்துக்கொள்வது பொதுவான பழக்கம். தென்னை ஈர்க்கை விட்டுப் பார்ப்பவரையும் கண்டிருக்கிறேன். ஈர்க்கு உள்ளே ஒடிந்தால் ஹெட்டைக் கழற்றும் வேலை வந்துவிடும் என்பது ஒருபுறம் இருக்க, அந்த முறையே துல்லியமற்றது. உச்சியின் அருகில் பிஸ்டன் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. இந்த எஞ்சினின் ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டர், கணக்குப் போட்டுப் பார்த்தால், உச்சியிலிருந்து கிராங்க் 5 டிகிரி விலகினாலும் பிஸ்டன் இறங்குவது ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர்தான். 10 டிகிரி விலகினால்கூட 1 மில்லிமீட்டர் முழுதாக இறங்காது. ஈர்க்கும் ஸ்க்ரூ டிரைவரும் இந்த வேறுபாட்டை எப்படிக் காட்டும்? நாம் சரிபார்க்க விரும்பும் பிழை 5 டிகிரியோ 8 டிகிரியோ தான் என்பதை நினைத்தால், அந்த முறையின் பயனின்மை விளங்கும்.

சரியான வழி, உச்சிக்குக் கொஞ்சம் கீழேயே பிஸ்டனை இருபுறமும் தடுத்து நிறுத்தி, நடுவைக் கண்டுபிடிப்பது. இதற்கு ஒரு தடுப்பு வேண்டும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, மிஞ்சும் இரும்புக் கூட்டுக்குள் மரை போட்டு, ஒரு போல்ட்டைச் செலுத்தித் தரும்படி லேத்தில் சொன்னால் செய்து தருவார்கள். போல்ட்டின் நுனி கண்டிப்பாக உருண்டையாக வழவழப்பாக இருக்க வேண்டும், ஏனெனில் பிளக் துளை சாய்வாக இருப்பதால் கூர்நுனி பிஸ்டனைக் கீறிவிடும். போல்ட்டை இறுக்க ஒரு நட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி படிப்படியாகச் செய்வோம். நான்கு பிளக்குகளும் வெளியே இருக்கட்டும்; பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள், ஏனெனில் தடுப்பு உள்ளே இருக்கும்போது யாராவது தெரியாமல் ஸ்டார்ட்டரைத் தட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும். பிஸ்டன் பாதி தூரம் கீழே இருக்கும் நிலையில் தடுப்பை முதல் துளையில் மாட்டுங்கள். எஞ்சினை முன்னோக்கி, மிக மெல்லச் சுற்றுங்கள். பிஸ்டன் தடுப்பில் தொட்டு நிற்கும். நீள முள்ளுக்கு நேராகப் புல்லியின் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு இடுங்கள். ஹேண்டில் முன்னோக்கி மட்டுமே பிடித்துச் சுற்றும் என்பதால், எதிர்த்திசைக்குப் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாகத் திருப்பினேன். நட்டு இறுக்கமாக இருப்பதை முதலில் உறுதிசெய்துகொண்டேன். கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று பின்னோக்கிச் சென்று மறுபடியும் தடுப்பில் தொடும்போது, அதே முள்ளுக்கு நேராக இரண்டாவது கோடு. வழியில் எங்கேனும் எதிர்பாராமல் தட்டினால் வற்புறுத்தாதீர்கள். திறந்திருக்கும் வால்வில் தடுப்பு படுகிறது என்று பொருள், போல்ட்டைச் சற்று வெளியே எடுத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள சிறிய வளைவின் சரி நடுப்புள்ளி எதுவோ, அது நீள முள்ளுக்கு நேராக நிற்கும்போதுதான் பிஸ்டன் உண்மையான உச்சியில் இருக்கிறது. அளக்க நாடா தேவையில்லை. நோட்டுத் தாளில் ஒரு விரல் அகலத்துக்கு நீளமான பட்டை வெட்டிப் புல்லியைச் சுற்றி ஒட்டி, இரண்டு கோடுகளையும் அதில் ஏற்றி, கழற்றி, கோட்டோடு கோடு சேரும்படி மடித்தால் மடிப்பு விழும் இடமே நடு. என் வண்டியில் கோடுகளுக்கு இடையே 62 மில்லிமீட்டர் இருந்தது. ஆகவே நடு 31-இல் விழுந்தது. பழைய காடி அந்த நடுவிலிருந்து 9 மில்லிமீட்டர் தள்ளி, சுற்றும் திசையில் முன்னால் நின்றது. அந்தத் தாள் பட்டையை மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்தபோதுதான், புளியரையில் கேட்ட சத்தம் பெட்ரோலால் வந்தது அல்ல என்று தெளிந்தது.

மில்லிமீட்டரை டிகிரியாக மாற்றுவது எளிது. அதே தாள் பட்டையால் புல்லியின் முழுச் சுற்றளவை அளந்து 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கான நீளம் கிடைக்கும். என் புல்லியின் சுற்றளவு 400 மில்லிமீட்டர், எனவே ஒரு டிகிரி சுமார் 1.1 மில்லிமீட்டர், 9 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 8 டிகிரி. காடி முன்னால் ஓடிக்கொண்டிருந்ததால், 5 டிகிரி முள்ளுக்கு நேராக அதை நிறுத்தியபோதெல்லாம் எஞ்சினில் உண்மையில் 13 டிகிரி முன்னதாகப் பொறி விழுந்துகொண்டிருந்தது.

ஒரே தடவை அளந்து முடிவுக்கு வர வேண்டாம். தடுப்பின் நீளத்தைக் கொஞ்சம் மாற்றி இரண்டாம் முறை செய்யுங்கள். கோடுகள் இடம் மாறும், நடு மாறக் கூடாது. நடு மாறினால் முதல் அளவில் எங்கோ கை தவறியிருக்கிறது.

பிழை எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேறு மாடலின் புல்லியை மாட்டியிருப்பது முதற்காரணம். நடுவளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையே ரப்பர் வைத்த புல்லியாக இருந்தால், ரப்பர் இற்று வெளிவளையம் நழுவும். அப்படியானால் இன்று வைத்த குறியும் நாளை நகரும், புல்லியையே மாற்ற வேண்டும். புல்லியைத் தண்டோடு பிணைக்கும் சாவித்துண்டு தேய்ந்திருந்தால் குறி ஆடும்.

புதிய குறி போடுவது

நடுப்புள்ளி உறுதியானதும், அங்கே மூன்று மூலை அரத்தால் மெல்லிய காடி ஒன்று போடுங்கள். மூடியில் மூன்று முட்களும் நேராக இருந்தால் இது மட்டும் போதும். முட்கள் வளைந்தோ ஒடிந்தோ போய் ஒன்றுதான் மிச்சம் என்றால், 5 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் உரிய கோடுகளைப் புல்லியிலேயே போட வேண்டியிருக்கும். அவை உச்சிக் குறியிலிருந்து சுற்றும் திசையில் முன்னால், அதாவது முள்ளை உச்சிக் குறிக்கு முன்பே கடக்கும் பக்கத்தில் அமைய வேண்டும். இதை மாற்றிப் போட்டால் முன்னதாக என்பது பிந்தியதாகிவிடும். குறிகளில் வெள்ளைப் பெயிண்ட் தடவலாம். அவசரத்துக்கு வெற்றிலைச் சுண்ணாம்பும் நன்றாகவே தெரியும், மழை பெய்தால் போய்விடும்.

பல்பு வைத்து டைமிங் வைப்பது

டைமிங்குக்குக் கை வைப்பதற்கு முன் பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்யுங்கள். லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டரில் இது 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.36 முதல் 0.40 மில்லிமீட்டர். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறந்து டைமிங் முன்னேறும், குறைந்தால் பின்தங்கும். ஆகவே டைமிங் வைத்துவிட்டுப் பாயிண்டைத் தொட்டால் செய்த வேலை வீண்.

பேட்டரியை இணைத்து, தடுப்பு வெளியே வந்துவிட்டதை இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் பல்பின் ஒரு ஒயரை, பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் மெல்லிய ஒயரின் முனையிலும், மற்றதை எஞ்சின் இரும்பிலும் மாட்டுங்கள். சாதாரண பல்பே நல்லது. பழைய வண்டிகளில் பேட்டரியின் பிளஸ் பாடியில் இணைந்திருக்கவும் கூடும், எல்இடி அங்கே திசை பார்க்கும், சாதாரண பல்பு பார்க்காது. இக்னிஷனைப் போட்டால், பாயிண்ட் மூடியிருக்கும்வரை பல்பு எரியாது, திறக்கும் கணத்தில் எரியும். பாயிண்ட் மூடிய நிலையில் இக்னிஷனை நெடுநேரம் விட்டுவைத்தால் காயில் சூடேறும் என்பதால் சுறுசுறுப்பாக முடிக்க வேண்டும்.

அமுக்கும் ஸ்ட்ரோக்கில், கையேடு சொல்லும் டிகிரி முள்ளுக்கு நேராகக் காடி வரும்வரை எஞ்சினை முன்னோக்கிச் சுற்றுங்கள். தாண்டிவிட்டால் கொஞ்சம் மட்டும் பின்னுக்குத் தள்ளி நிறுத்தாதீர்கள். நன்றாகப் பின்னே போய் மீண்டும் முன்னோக்கி வாருங்கள். டைமிங் செயினிலும் கியரிலும் உள்ள தளர்வு ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால்தான் அளவு மெய்யாக இருக்கும். இப்போது டிஸ்ட்ரிபியூட்டரின் பிடிப்பு போல்ட்டைத் தளர்த்தி, உடலை மெல்லத் திருப்பி, பல்பு எரியத் தொடங்கும் அந்தக் கணத்தில் நிறுத்தி இறுக்குங்கள். உடலைக் கடிகார முள் திசையில் திருப்பினால் டைமிங் முன்னேறும், எதிர்த்திசையில் பின்தங்கும். இறுக்கிய பின் எஞ்சினை இரண்டு முழுச் சுற்று சுற்றி வந்து, பல்பு எரியும் கணத்தில் காடி எங்கே நிற்கிறது என்று மறுபடி பாருங்கள்; இறுக்கும்போது உடல் நகர்ந்திருப்பது வழக்கம்.

டைமிங் லைட்

எஞ்சின் ஓடும்போது சோதிக்க விரும்பினால், பொறி விழும் ஒவ்வொரு முறையும் மின்னும் டைமிங் லைட்டின் கிளிப்பை முதல் பிளக் ஒயரில் மாட்டி, டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு, மெதுவான ஐடிலில் வைத்துக் குறியின் மேல் ஒளி அடிக்க வேண்டும். குறி அடியில் இருப்பதால் குழி இல்லாமல் இது தொந்தரவுதான். எஞ்சின் வேகத்தைக் கூட்டும்போது குறி சீராக முன்னேறி, குறைக்கும்போது திரும்பி வந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் நலமாக உள்ளன. ஒரே வேகத்தில் குறி நடுங்கினால் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ்ஷோ செயினோ தேய்ந்திருக்கிறது. அப்போது எந்த டிகிரியில் வைத்தாலும் பாதி நேரம் பிழையாகத்தான் இருக்கும்.

ஏற்றத்தில் ஓட்டிப் பார்ப்பது

கையேட்டு அளவு தொடக்கப் புள்ளி. ஓட்டிப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். திருநெல்வேலி நகருக்குள் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏற்றிப் பார்க்க ஆசை வரும், ஆனால் அந்த நெரிசலில் எஞ்சினின் குரல் காதில் விழாது. ஆளில்லாத நீண்ட ஏற்றம் வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழு ஆக்சிலேட்டர் கொடுங்கள். லேசாக ஓரிரு நொடி சடசடத்து உடனே மறைந்தால் நல்ல நிலை. தொடர்ந்து சடசடத்தால் ஓரிரு டிகிரி பின்தள்ளுங்கள். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் வேக்குவம் பெட்டிக்கு எதிர்முனையில் சொரசொரப்பான சிறு திருகு ஒன்று இருக்கும். அருகே ஏ, ஆர் என்ற ஆங்கில எழுத்துகள் முன்தள்ளலையும் பின்தள்ளலையும் காட்டும். சுமார் 11 கிளிக் ஒரு டிகிரி. சாலையோரத்தில் நிறுத்தி, போல்ட்டைத் தளர்த்தாமல், விரலாலேயே திருத்திக்கொள்ளலாம்.

என் வண்டியை இப்படித் திருத்திய மறுவாரம் அதே புளியரை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஏற்றினேன். சத்தம் இல்லை, கேரளப் பக்கம் இறங்கும்வரை வெப்பமானி முள்ளும் நடுவைத் தாண்டவில்லை. திரும்பி வந்ததும் செய்த கடைசி வேலை, புல்லியில் இருந்த அந்தப் பழைய காடியை எம்-சீல் வைத்து அடைத்து, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்தது. அடுத்து யார் டார்ச் அடித்துப் பார்த்தாலும் அவர் கண்ணில் ஒரே ஒரு குறிதான் பட வேண்டும்.